வெள்ளை மான்சாகுவின் உள்தையல்

நிசெகி ஹருயோவின் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்த நெடி தெரியும். ஃபார்மலினும் ஆல்கஹாலும் புளிக்காடியும் கலந்த நெடி. பறித்த பூமொட்டுகள் கெடாமல் அப்படியே நிற்க அவள் கலக்கும் திரவம் அது. கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. ஆசிரியர் அறையில் அவளுக்கு வலது பக்கம் இருந்த கணக்கு வாத்தியார், தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஜன்னலோரம் மாறிக்கொண்டார். இடது பக்கம் நான், மனையியல் டீச்சர். மீன் கழுவிக் கழுவி என் மூக்கு மரத்துப்போயிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

அவள் உயிரியல் டீச்சர். குள்ளமான உருவம், விரல் நுனியில் எப்போதும் சிவப்புச் சாயம், பேச்சில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். பொய். பிடிவாதக்காரி. பிடிவாதம் சத்தம் போடாமல் இருந்தால் ஜனங்கள் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பள்ளி விட்டதும் நாங்களெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவோம். அவள் ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகஸ்ட் புழுக்கத்திலும் ஜன்னல்களை மூடுவாள். உள்ளே ஒரு எந்திரம். மூடிப்போன பட்டுப்புழு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் மெழுகுக் கட்டியைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவும். கட்டிக்குள் ஒரு மொட்டு இருக்கும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக நீளும். தூரிகை நுனியில் அந்த நாடாவைத் தாங்கிக்கொண்டு அவள் மூச்சுவிடாமல் நிற்பாள். ஒருநாள் தலைமையாசிரியர் கதவைத் திறந்துகொண்டு வந்து தும்மினார். ஒரு வசந்த காலத்து வேலை முழுக்க மேசைக்கடியில் பறந்தது.

"சார், மிச்சத் தும்மல வெளிய போய்த் தும்மிடுங்க" என்றாள், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல். அவளை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மெழுகு உருக்க என் சமையல் வகுப்பு அடுப்புதான்.

"கொமாகி, உன் அடுப்ப நாளைக்குக் காலைல வரைக்கும் அணைக்காத."

"ஏண்டி, கேக்கா பண்றே?"

"மொட்டு மெழுகுல ஊறுது. சூடு ஏறிடக் கூடாது, இறங்கிடவும் கூடாது."

"என் பிள்ளைங்க நாளைக்கு அதுல கஸ்டர்ட் வைக்கணும். மொட்டு வாசனையில கஸ்டர்ட் தின்னுட்டு எவளாவது மயங்கி விழுந்தா?"

"விழுந்தா எங்கிட்ட அனுப்பு. ஃபார்மலின் காட்டினா எந்திரிச்சிடுவா."

இவ்வளவு பாடுபட்டு அவள் எதைத் தேடுகிறாள் என்று வெகுநாள் நான் கேட்கவில்லை. கேட்ட அன்று தையல் வகுப்பு. பிள்ளைகள் தைத்துக் கொண்டுவந்த சட்டைகளை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். ஹருயோ அடுப்புப் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்தாள்.

"ஏன் திருப்பிப் போட்டுப் பாக்கறே?"

"வெளியில எல்லாம் பத்திரிகையைப் பாத்துத் தச்சது. காலர் வருஷத்துக்கு ஒண்ணா மாறும். உள்தையல் மாறாது. நூலு முடியற எடத்துல எப்படி முடிச்சுப் போடறா, மடிப்ப எந்தப் பக்கம் சாய்க்கறா, எல்லாம் அம்மாகிட்டேருந்து வந்த கை. இதப் பாத்தே இது யார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடுவேன். இந்த ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி பெரியம்மா சித்தி மகளுங்க. அவளுங்களுக்கே அது தெரியாம இருக்கலாம்."

அவள் கண்கள் அப்படி விரிந்ததை நான் பார்த்ததில்லை. பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"அதேதான்டி நான் பண்றதும்!"

பிறகு விடாமல் பேசினாள். பூவின் இதழ் வண்டுக்காக மாறும், காற்றுக்காக மாறும். அதைப் பார்த்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம். பூவுக்கு உள்ளே, விதையாகப் போகும் சூல் உருவாகிற விதம் இருக்கிறதே, அது எளிதில் மாறாது. சூலைச் சுற்றி எத்தனை உறை எழும்புகிறது, உள்ளே எத்தனை அடுக்கு, கரு உட்காரும் அறை எப்போது கட்டப்படுகிறது, மகரந்தக் குழல் எந்த வாசலில் நுழைகிறது. தாய்ச்செடி மகள்செடிக்குச் சொல்லிக்கொடுத்த கை அது. ஒரே குடும்பம் என்று எழுதிவைத்த செடிகளை இப்படி உள்புறம் திருப்பிப் பார்த்தால் யார் உண்மையில் உடன்பிறந்தவர், யார் வழியில் வந்து ஒட்டிக்கொண்டவர் என்று தெரிந்துவிடும். ஒரு கடுகளவு மொட்டுக்குள் இத்தனை காலத்துக் கை இருக்கிறது என்று கேட்டபோது கையிலிருந்த சட்டையைத் திரும்பிப் பார்த்தேன். மதிப்பெண் போட மறந்தேன்.

அவள் எடுத்துக்கொண்டது மான்சாகுக் குடும்பம். பனி போகுமுன்னே மஞ்சள் நாடா மாதிரி பூப்பது எங்கள் மலையெல்லாம் நிற்கும் மான்சாகு. அதன் உறவுகள் ஒவ்வொன்றையும் சீவிச் சாயம் போட்டுப் பார்த்துக் குடும்ப மரம் வரைந்திருந்தாள். ஒரு கிளை மட்டும் அந்தரத்தில் நின்றது. கமிசாவா என்கிற மலைக் கிராமத்தின் மேலே ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் மட்டும் வளர்ந்த ஒரு புதர். ஊரார் அதை வெள்ளை மான்சாகு என்பார்கள். சென்டாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரார் பெயர் வைத்ததால் அது மான்சாகு ஆகிவிடாது, அது ஹைட்ரேஞ்சியா என்கிற வேறு பூச்செடியின் உறவு என்றார். ஹைட்ரேஞ்சியாவின் சூலுக்கு ஒரே உறை, மான்சாகுவுக்கு இரண்டு. "உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள், அதன்பிறகு உங்கள் ஆய்வு நூலை வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

பல்கலைக்கழகம் போகாதவர்களும் நூல் எழுதிச் சமர்ப்பித்து டாக்டர் பட்டம் வாங்க ஒரு வழி இருந்தது. ஹருயோவின் அப்பா அவள் தம்பியைப் படிக்க அனுப்பினார், இவளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பட்டம் அவளுக்கு வேண்டும். அதைவிட அந்தக் கிளை வேண்டும். வாழ்நாளின் பாதியைப் போட்ட மரத்தில் ஒரு கிளை பொய்யாக நின்றால் மற்றக் கிளைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் புதர்தான் பிடிகொடுக்கவில்லை. மார்ச்சில் பனிச்செருப்புக் கட்டிக்கொண்டு ஏறிப் பூவைப் பறித்து வந்தாள். உள்ளே சூலே உருவாகியிருக்கவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. மான்சாகுவும் அப்படித்தான். பூத்து, மகரந்தம் வந்து சேர்ந்து, வெகுநாள் கழித்துத்தான் உள்ளே அறை கட்டும். மான்சாகுவுக்கு அது மே மாதம். அதனால் மே மாதம் மறுபடி ஏறிப் பறித்தாள். அப்போதும் உள்ளே வெறும் புடைப்பு. ஜூனில் பனி உருகி ஓடை பெருகிப் பள்ளத்தாக்குக்குள் யாரும் கால் வைக்க முடியாது. கோடை விடுமுறையில் போனால் காய் கல்லாகிக் கத்தியை உடைக்கும், உடைத்துப் பார்த்தவை வெறும் சக்கை. வருஷா வருஷம் இதே கதை. கடைசியில், இது கிழடு தட்டி மலடாகிவிட்ட இனம் என்று முடிவுகட்டிப் பேராசிரியருக்கும் எழுதிவிட்டாள். எழுதிய அன்று ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் கமிசாவாக்காரர்கள் சரிவை வெட்டினார்கள். வெட்டியே ஆக வேண்டியிருந்தது. பனியின் கனத்தில் அந்தப் புதர்கள் தரையோடு படுத்துவிடும், அவற்றின் முதுகில் பனி வழுக்கிக்கொண்டு ஊர்மேல் இறங்கும். இமாய் தொமியின் புருஷன் அப்படித்தான் போனான். ஒரு பிப்ரவரியில் ஊரோரம் விறகு எடுக்கப் போனவன் மேல் சரிவே இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. தொமி அக்கா அந்த வசந்தம் முழுக்கத் தினமும் காலையில் ஒரு சோற்றுருண்டை பிடித்துக்கொண்டு போய்ப் பனியோரத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஜூனில் பனி கரைந்தபோதுதான் அவன் தெரிந்தான். அதன்பிறகு அந்த வீட்டில் சோற்றுருண்டை பிடித்ததில்லை. ஊர் விருந்துக்குக்கூட அவள் ஊறுகாய்தான் கொண்டுவருவாள். புதர்களை வெட்டிக் கட்டைகளால் பனித்தடுப்புக் கட்ட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் அவள்தான்.

எங்கள் பக்கத்தில் மரம் வெட்டினால் கல் நடுவார்கள், வெட்டுப்பட்ட செடிகொடிகளின் உயிருக்காக. கமிசாவாவில் அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு சரிவை முழுக்க வெட்டும்போது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செடியை மட்டும் விட்டுவிடுவார்கள். நாம் கேட்கும் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொள்ள வெட்டுப்பட்டவர்கள் பக்கத்திலும் ஒருவர் வேண்டாமா? விட்ட செடியில் ஓர் இலையைக்கூட அதன்பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

வெட்டிய நாளில் ஹருயோ போய்க் கல் முன்னால் ஊராரோடு நின்று கும்பிட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாமேடி" என்றேன் பஸ்ஸில்.

"தொமி அக்கா முகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? எனக்குப் போனது ஒரு கிளை. அவங்களுக்குப் போனது ஆளு."

மறுநாள் என் சமையலறையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே மெழுகின் சூடு பார்த்தாள்.

அடுத்த ஜூனில் காட்டுக்கீரை பறிக்க அவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பனித்தடுப்புக் கட்டியவர்கள் ஓடைக்கு மேலாகக் கட்டைப் பாதை போட்டிருந்தார்கள். அதனால் முதல் தடவையாக ஜூனில் பள்ளத்தாக்குக்குள் போக முடிந்தது. கீழே நெல் நட்டுக்கொண்டிருந்தார்கள், மேலே கல்லைச் சுற்றி இன்னும் முழங்கால் பனி. பள்ளத்தின் நிழலில் அது கிடக்கும். விட்டுவைத்த அந்த ஒற்றைச் செடி, பாதி பனிக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றது. இதழெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கை வைக்கவில்லை.

"ஹருயோ, இங்க வா. உன் மலடியப் பாரு. எவ்வளவு பச்சையா இருக்கா. காய் இப்பத்தான் வீங்க ஆரம்பிக்குது."

அவள் வந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். காயைப் பார்த்தாள், காலடிப் பனியைப் பார்த்தாள், கீழே வயலைப் பார்த்தாள். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் முட்டாள் கொமாகி. அடி முட்டாள்."

"அது தெரிஞ்சதுதான். இப்ப என்ன புதுசா?"

"மான்சாகு மே மாசம்னா இதுவும் மே மாசம்னு பறிச்சேன். உறவுன்னு நான் அவ்வளவு நம்பினேன். இது நாள்காட்டி பாக்கல. தன் காலடிப் பனியப் பாக்குது. நான் வரும்போதெல்லாம் இவ இன்னும் தூங்கிட்டிருந்திருக்கா. தூங்கறவள மலடின்னு எழுதிட்டேன்."

உறவு என்று நம்பியதாலேயே உறவைக் காட்ட முடியாமல் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் பக்கத்தில் ஈரத்தில் நானும் உட்கார்ந்தேன். பனி கரைய இன்னும் சில நாள்தான். கரைந்த உடனே பறித்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு செடி. அதைத் தொடக் கூடாது.

திருட்டுத்தனமாக நாலு காய் பறித்துவிடலாம் என்று நான் சொன்னேன், சொல்லாமல் இருப்பேனா. ஹருயோ என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நேராக ஊர்த்தலைவர் செகினே வீட்டுக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சாவடியில் கூட்டம் போட்டார்கள்.

செகினே கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. சரிவ முழுக்க வெட்டினப்ப நீங்க ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா ஒரு வண்டியே குடுத்திருப்போம். இப்ப வந்து, விட்டு வச்ச ஒண்ணுல கை வைக்கணுங்கறீங்க."

"அப்ப எனக்குத் தெரியலைங்க."

"டீச்சருக்கே தெரியலையாம்!" என்றது பின்வரிசைக் குரல். சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று வந்தது.

"தெரியலன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்ல உங்கள்ல யாருக்கு வாய் வரும்? கை தூக்குங்க பாப்போம்" என்றேன். யாரும் தூக்கவில்லை. சிரிப்பு நின்றது, ஆனால் காரியம் நடக்கவில்லை. வழக்கத்தை ஒருமுறை உடைத்தால் அப்புறம் அது வழக்கமே இல்லை என்றார் செகினே. அதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அப்போது சுவரோரத்திலிருந்து தொமி அக்கா கேட்டாள். "அத வெட்டிப் பாத்து என்னத்த டீச்சர் கண்டுபிடிக்கப்போற?"

ஹருயோ அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "மார்ச்சுல பூக்குதுக்கா. பூந்தூள் அப்பவே வந்து உக்காந்துடுது. அதுலேருந்து மெல்லிசா ஒரு குழல் கிளம்பி உள்ள இறங்குது. ஆனா உள்ள இன்னும் அறையே கட்டல. முட்டையும் இல்ல. திரும்பிப் போகவும் வழியில்ல. அது பாதி வழியில அப்படியே நின்னு காத்துக்கிட்டு இருக்கணும். காலடியில பனி கரையற வரைக்கும்."

"உசுரோடயா?"

"உசுரோடதான் இருக்கணும். செத்திருந்தா காய் வீங்காது."

"கரைஞ்சப்புறம்?"

"மிச்சத் தூரத்த நடந்து போய்ச் சேருதான்னு என் கண்ணால பாக்கணும். சேர்ந்தா அது மான்சாகுவோட சொந்தம். ஹைட்ரேஞ்சியா வீட்டுல இப்படிக் காத்திருக்கிற பழக்கம் கெடையாது."

எல்லோருக்கும் அந்த வசந்தம் ஞாபகம் வந்திருக்கும், தொமி அக்காவைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்கள். அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கை பறிச்சா ஒரு தலையில முழுப் பாவம். வீட்டுக்கு ஒண்ணா நாமளே பறிச்சுக் குடுப்போம். ஆளுக்குக் கொஞ்சமாத்தான் வரும். கொஞ்சத்தத் தாங்கிக்கலாம்."

"இது எந்த ஊர் வழக்கம் தொமி?" என்றார் செகினே.

"இன்னியிலேருந்து நம்ம ஊர் வழக்கம்."

பனி கரைந்த மறுநாள் வந்தார்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகும் உடுப்பில் வந்தார்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், கல் முன்னால் குனிந்து கும்பிட்டு, செடியிடம் ஏதோ முணுமுணுத்து, ஒரு காயைக் கிள்ளி ஹருயோவின் புட்டியில் போட்டார்கள். செகினே முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "பொறுத்துக்கம்மா, படிச்சவங்க கேக்கறாங்க" என்றார். தொமி அக்கா கடைசியில் வந்தாள். கிள்ளுவதற்கு முன் செடியின் காலடி மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

அதன்பிறகு என் பிள்ளைகளுக்கு கஸ்டர்ட் கிடைக்கவில்லை. ஆல்கஹாலில் நீர் எடுத்து, மெழுகில் ஊறவைத்து, மடித்த காகிதத் தோணிகளில் ஊற்றி ஆறவைத்து, வீட்டுக்கொரு கட்டி. ஹருயோ சுற்றினாள், நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நாடாவைக் கண்ணாடிச் சில்லுகளில் ஏற்றினேன். பாதிக்குமேல் வெறும் காய்கள். தொமி அக்கா பறித்ததில் ஒன்றுமே இல்லை, சருகு. அதைச் சொல்லாமல் இருவரும் அடுத்த கட்டியை எடுத்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹருயோ மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் என்னைக் கையால் கூப்பிட்டாள்.

பார்த்தேன். முதலில் வெறும் பச்சையும் சிவப்பும். பிறகு பழகியது. நடுவில் முட்டை வடிவில் ஒரு சூல். அதைச் சுற்றி ஓர் உறை, அதற்கு வெளியே இன்னோர் உறை. இரண்டு. மான்சாகுவின் உள்தையல் அப்படியே இருந்தது. அவள் சில்லை ஒவ்வொரு சீவலாக நகர்த்தினாள். மேலிருந்து ஒரு சிவப்பு நூல் இறங்கியது. ஒரு சீவலில் காணாமல் போகும், அடுத்ததில் திரும்ப வரும். ஓரிடத்தில் அது தடித்துச் சுருண்டிருந்தது. மார்ச்சிலிருந்து அது நின்ற இடம் அதுதான் என்றாள். பனி எங்களையெல்லாம் வீட்டுக்குள் அடைத்திருந்தபோது, பஸ் ஓடாதபோது, இந்த நூல் இவ்வளவு சின்ன இருட்டுக்குள் உயிரோடு நின்றிருக்கிறது. அங்கிருந்து மறுபடி மெல்லிசாகக் கிளம்பி இறங்கியது. கடைசிச் சீவலில் அதன் நுனி அறையின் வாசலில் இருந்தது. அதற்கப்பால் முட்டை.

நான் மூச்சுவிடவில்லை. தும்மல் பயத்தால் அல்ல. யாருமில்லாத மலைச்சரிவில், யாருக்கும் தெரியாமல், இது வருஷா வருஷம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

"எந்த வீட்டுக் காய்டி?" என்றேன்.

"செகினே வீட்டுது. இனிமே அந்த மனுஷன் வாயப் பிடிக்க முடியாது."

பிடிக்க முடியவில்லைதான். மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய் வெளிச்சம் வரும் ஜன்னலில் வைத்தோம். பெண்கள் சோற்றுருண்டைகளோடும் தொமி அக்கா ஊறுகாயோடும் வந்திருந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். செகினே பக்கத்திலேயே நின்று, "எங்க வீட்டுக் காய், நல்லாப் பாருங்க, அவசரப்படாதீங்க" என்று ஆள் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு எழுந்தவர்கள் எல்லோரும் ஏனோ குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

தொமி அக்கா வெகுநேரம் பார்த்தாள். ஹருயோ சில்லை நகர்த்திக் காட்டிக்கொண்டே வந்தாள். நின்ற இடம், கிளம்பிய இடம், வாசல்.

"வந்து சேந்துடுச்சு" என்றாள் தொமி அக்கா, கண்ணை எடுக்காமல். பிறகு, "டீச்சர், இந்தக் கண்ணாடிய எனக்குக் குடுப்பியா?" என்றாள்.

நான் ஹருயோவின் முழங்கையைக் கிள்ளினேன். வாசலில் நுனி தெரியும் சீவல் அந்த ஒரு சில்லில்தான் இருந்தது. மற்றக் காய்களில் உறைகள் தெரிந்தன, நூல் எதிலும் முழுசாக வரவில்லை. அவளுக்கு அது தெரியாதா? முழங்கையை மெல்ல விலக்கிக்கொண்டாள்.

"சென்டாய்ல காட்டிட்டுக் கொண்டுவந்து தரேன்க்கா" என்றாள்.

பஸ்ஸில் நான் கத்தினேன். "உனக்கென்ன கிறுக்கா? அது உன் பட்டம்டி. உன் கிளை. வேற ஏதாவது அழகா ஒண்ணு குடுத்தா அவங்களுக்கு என்ன தெரியவா போகுது?"

"தெரியாது. எனக்குத் தெரியும்." மடியிலிருந்த மைக்ராஸ்கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உசுரோடயான்னு கேட்டாங்க பாரு, கொமாகி. இத்தன வருஷம் வெட்டினேன், அந்தக் கேள்விய நான் ஒருதரமாவது கேட்டிருந்தா மே மாசத்தோட நிறுத்தியிருக்க மாட்டேன்."

படம் எடுத்தாள், வரைந்தாள், சில்லை மடியில் வைத்துக்கொண்டு சென்டாய் போனாள். பேராசிரியர் மேசையை விட்டு எழாமல் பார்த்தாராம். பிறகு அவரே பென்சிலை எடுத்து, வெள்ளை மான்சாகுவின் கிளையை மான்சாகுவோடு சேர்த்துக் கோடு போட்டாராம். அதுவரை நல்ல மனுஷன். இந்தச் சில்லு பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும் என்றார். "அது ஒரு வீட்டுக்குப் போகுதுங்க சார்" என்றாள் இவள். ஆதாரத்தை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று அவருக்குக் கோபம். அடுத்த ஜூன் வரட்டும், ஊரார் மறுபடி பறித்துத் தரட்டும், இன்னொரு சில்லு செய்து வையுங்கள், அதற்குள் பட்டமில்லை என்றுவிட்டார். அந்தத் தாமதத்துக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. ஹருயோ மன்னித்துவிட்டாள். அடுத்த ஜூனில் கிடைக்கவில்லை, அதற்கடுத்த ஜூனில் கிடைத்தது. அவளை டாக்டர் என்று முதலில் கூப்பிட்டது கமிசாவா செகினேதான். அதுவும் ஏதோ தான் கொடுத்த பட்டம் மாதிரி.

சில்லைக் கொடுக்கப் போன நாளில் நானும் கூட இருந்தேன். தொமி அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, பூசை மாடத்தில் புருஷன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

போன ஜூனில் மறுபடி போயிருந்தேன். சில்லின் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. ஹருயோவிடம் சொல்லிச் சாயம் புதுப்பித்துத் தரவா என்று கேட்டேன். தொமி அக்கா வேண்டாம் என்றாள். அப்போதுதான் மாடத்தைச் சரியாகப் பார்த்தேன். படத்துக்கு முன்னால் ஒரு தட்டு, அதில் சோற்றுருண்டை. எத்தனை வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் பிடித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பட்டாணி அளவில், பொறுமையாக உருட்டி, அதற்கும் ஒரு துளிக் கடற்பாசி சுற்றி, சில்லின் முன்னால் வைத்திருந்தது.

"அந்தச் சின்னது யாருக்குக்கா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"அதுவும் அவ்வளவு நாள் பனியில நின்னுட்டு நடந்து வந்திருக்குல்ல" என்றாள் தொமி அக்கா. "பசிக்காதா?"